இரண்டாவது தாடி

சரக். சரக். கொஞ்சம் நிற்கிறது. மறுபடியும் சரக். கண்ணைத் திறக்காமலே சொல்லிவிடுவேன், காக்கைதான், அதுவும் பிளாஸ்டிக் மேல் நடக்கிற காக்கை, வேட்டியின் மேல் நடந்தால் இந்தச் சத்தம் வராது, நகம் நூலில் மாட்டும், கூச்சப்பட்டுப் பறந்துவிடும், இது என்னவோ சொந்த வீட்டு முற்றத்தில் உலாத்துகிற மாதிரி நடக்கிறது. கண்ணைத் திறந்தால் விரட்ட வேண்டும். விரட்டுவதென்றால் எழுந்திருக்க வேண்டும். ராத்திரி பூராவும் ஐஸ் கம்பெனியில் கம்பிரசர் பக்கத்தில் நின்ற கால்கள் இரண்டும் யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போன செருப்பு மாதிரி நாற்காலிக்கு முன்னால் கிடக்கின்றன. மூடிய இமைக்குள் வெயில் சிவப்பாக இருக்கிறது. எந்த முகத்தின் மேல் நடக்கிறது அது? பெரிய தாடியின் மேலா, கடைசியில் இருக்கும் மீசையின் மேலா? அந்த இரண்டாவது ஆளின் மேல் நடந்தால் நடக்கட்டும், கொத்தினாலும் கொத்தட்டும், அதற்கெல்லாம் நான் எழுந்திருப்பதாக இல்லை. "என்னங்க, தூங்கிட்டீயளா?" கீழே அடுப்படி ஜன்னலிலிருந்து என் பெண்டாட்டி பூரணம். "இல்ல, முழிச்சுத்தான் இருக்கேன்." "அப்ப காக்கா எதுக்கு நடக்கு?" தளவாய் என்று எனக்குப் பேர் வைத்தார்கள், படைக்குத் தலைவன் என்று அர்த்தம், கையில் ஒரு கம்பு, தலைக்கு மேல் கிழிந்த குடை, எதிரே ஒரு காக்கை. சூ என்றேன். கண்ணைத் திறக்காமல் சொல்கிற சூவுக்கு எந்தக் காக்கை மரியாதை கொடுக்கும்?

கூழ் வத்தல் காய்கிறது. பங்குனி வெயிலில் ஒரு நாள்கூட வீணாகக் கூடாது என்பது பூரணத்தின் கொள்கை, அந்தக் கொள்கையை மறுபரிசீலனை செய்ய இதுவரை எந்தத் தொழிலாளர் அகிலமும் கூட்டப்படவில்லை. விடிந்ததும் ஷிஃப்ட் முடிந்து வந்தவனைப் படுக்கவிடாமல் முதல் பானைக் கூழை இரண்டு பேருமாகப் பிழிந்தோம், இரண்டாவது பானை கீழே கொதிக்கிறது. வழக்கமாக என் பழைய வேட்டியில்தான் பிழிவாள். இந்த வருஷம் வேட்டி நைந்துபோய்விட்டது, கட்டிலுக்கு அடியில் நான் சுருட்டி ஒளித்து வைத்திருந்த பேனரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "அது கட்சிப் பேனர்" என்றேன். "தெரியும்" என்றாள். "வியாகப்பன் ஒளிச்சு வைக்கச் சொல்லிருக்காரு." "வத்தலுக்கு அடியில கிடந்தா எவன் கண்ணுல படப்போவுது? வளுவளுன்னு இருக்கு, காஞ்சதும் தானா உரிஞ்சி வரும்." முகங்கள் மேலே பார்க்க வேண்டுமா, கீழே பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். "அச்சடிச்ச பக்கம்தான் வளுவளுப்பு" என்றாள். விவாதம் முடிந்தது. ஆகவே இந்த நிமிஷத்தில், தூத்துக்குடியில், என் வீட்டு மொட்டைமாடியில், உலகத் தொழிலாளர்களின் ஆசான்கள் நான்கு பேர் மல்லாந்து கிடக்கிறார்கள், மூக்கு நெற்றி தாடியெல்லாம் வத்தல். நான்கு பேரா? மூன்று பேர். வரிசையில் இரண்டாவதாகக் கிடக்கிறவர் ஆசான் இல்லை. அவர் உப்பள முதலாளி சங்கரநயினார்.

எப்படி வந்தார்? யோசித்துப் பார்த்தால் அவர் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். கிளையின் மாத வகுப்புக்கு ஒரு பேனர் வேண்டும் என்றார் வியாகப்பன், கிளைச் செயலாளர், துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்வுபெற்றவர். ஃபிளெக்ஸ் கடையில் அன்றைக்கு இரண்டு வேலை, ஒன்று நமது ஆசான்கள், இன்னொன்று முந்தின நாள் காலமான சங்கரநயினாருக்குக் கண்ணீர் அஞ்சலி. இரண்டிலும் வெள்ளைத் தாடி. கடைக்காரன் ஒன்றை இதிலும் மற்றதை அதிலும் போட்டுவிட்டான். எல்லா முகத்தையும் ஒரே சிவப்பு நிழலாக அடித்துக்கொடு, அதுதான் கம்பீரம் என்று சொன்னது நான்தான், சிவப்பு நிழலில் விபூதியும் தெரியாது ஜிப்பாவும் தெரியாது. அச்சடிக்கும் முன் கடைக்காரன் போனில் அனுப்பி, "அண்ணாச்சி, ரெண்டாவது தாடி சரியா பாருங்க" என்று கேட்கவும் செய்தான். ஐஸ் கம்பெனி அமோனியா வாடையில் கண்ணில் நீர் வழிய நின்றிருந்தேன், சரி என்றேன். தாடி சரியாகத்தானே இருந்தது. சங்கரநயினாரை நான் கிட்டத்தில் பார்த்ததே இல்லை, கார்க் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளை மங்கல், அவ்வளவுதான். அந்தப் பக்கம் அவர் வீட்டு வாசலில், கோட்டு போட்ட ஒரு ஜெர்மானியருக்கு ஊரே திரண்டு கண்ணீர் அஞ்சலி செலுத்தியிருக்கிறது. பேரன்தான் முதலில் கண்டுபிடித்தானாம், தாத்தா எப்போது கோட்டு போட்டார் என்று. அவன் ஃபிளெக்ஸ் கடையில் சண்டை போட, கடைக்காரன் அப்படியானால் இவர் எங்கே போனார் என்று தேட, தேடினவன் எங்கள் அலுவலகத்து வாசலில் வந்து நின்றான். அதற்குள் வகுப்பு முடிந்து டீயும் குடித்தாகிவிட்டது.

அந்த வகுப்பு. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறதா பெருமையாக இருக்கிறதா என்று ஒரு வாரமாகத் தெரியவில்லை. தலைப்பு: வட கொரிய அரசின் சித்தாந்தமும் மூல மார்க்சியமும், தொடர்ச்சியா முறிவா. பழைய பேப்பர் கடையில் அந்த நாட்டுப் பத்திரிகைகள் ஒரு கட்டு கிடைத்தது, பளபளப்பான காகிதம், கருவாடுகூட மடிக்க முடியாது, பக்கத்துக்குப் பக்கம் சிரிக்கிற ஜனங்கள். அவ்வளவு சிரிப்பை ஒரே இடத்தில் பார்த்தால் எனக்குப் பயம் வரும். ஆனாலும் கம்பிரசர் ஓடும்போது வேறு என்ன செய்வது, படித்தேன், பிறகு அதை எதிர்த்து எழுதினவர்களைப் படித்தேன், பிறகு மூலத்துக்கே போய்ப் படித்தேன். எட்டாவதோடு நின்றவன் நான். பகலில் தூங்குகிற மனுஷனோடு யார் பேசுவார்கள்? நான் எழுந்திருக்கும்போது ஊர் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகிறது. மாதத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெளிச்சத்தில், பத்துப் பதினைந்து பேருக்கு முன்னால் நின்று நான் வாய் திறந்து பேசுகிறேன், அவர்கள் கேட்கிறார்கள், ஒருத்தர் "ஆசானே, இன்னொரு தடவை சொல்லும்" என்கிறார். அது போய்விட்டால் எனக்கு மிச்சம் இருப்பது ஐஸ் கட்டி. அது போகுமா போகாதா என்றுதான் இப்போது அலுவலகத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் வர வேண்டாமாம். "நீரு வந்தா எல்லாரும் முகத்தைப் பாப்பான், பேச வராது. நாங்க பேசிட்டு நானே வந்து சொல்லுதேன்" என்றார் வியாகப்பன். நான் இல்லாத இடத்தில் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள். காது கொதிக்கிறது. வெயிலாகவும் இருக்கலாம்.

முதலில் மாலை போட்டேன். வகுப்புக்கு முன் மாலை போடுவது வழக்கம். பேனருக்குப் பின்னால் சுவரில் ஒரே ஒரு ஆணிதான் துருத்திக்கொண்டிருந்தது, அது சரியாக இரண்டாவது ஆளின் தலைக்கு மேல், ஆகவே மாலை அவர் கழுத்தில் விழுந்தது, நான் கும்பிட்ட மாதிரி நிற்பதை யாரோ போனில் படம் எடுத்தார்கள். பிறகு கம்பை எடுத்து ஒவ்வொருவராகக் காட்டினேன். பெரிய தாடிக்கு அதிக நேரம் கொடுக்கவில்லை, அவரை எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது தாடியில்தான் நின்றுவிட்டேன். எனக்கு அவரைப் பிடிக்கும், கூட்டாளியான பெரிய தாடிக்காகத் தன்னைப் பின்னால் வைத்துக்கொண்ட மனுஷன். கம்பை அவர் நெஞ்சில் வைத்துச் சொன்னேன், "தோழர்களே, இவர் யாரு? இவரு ஒரு முதலாளி." எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறார்களே, நல்ல கிளைதான் என்று நினைத்தேன். "முதலாளி வீட்டுப் பிள்ளை. மில்லுல உக்காந்து கணக்குப் பாத்தவரு. ஆனா அந்த மில் லாபத்தை எடுத்துத்தான் பட்டினி கிடந்த கூட்டாளிக்கு அனுப்பினாரு. போட்ட முதல் எப்படி வளருது, உழைக்கிறவன் உழைப்பைத் தின்னுதான் வளருதுன்னு, உள்ளுக்குள்ள இருந்தே ஒத்துக்கிட்ட மனுசன் இவரு." மூன்றாவது வரிசையில் ஒருவர் சங்கரநயினாரைப் பார்த்து உச்சுக் கொட்டினார். இரண்டு பேர் குறிப்பெடுத்தார்கள். அப்படி ஒரு கவனத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இருக்காதா பின்னே, அவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஜாடை தெரிந்திருக்கிறது! யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு வியாகப்பனைக் கேட்டேன். "தெரிஞ்ச மூஞ்சி மாரித்தான் இருந்துச்சு. ஆனா பாடம் எடுக்கது நீரு. உமக்குத் தெரியாமலா இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார். உமக்குத் தெரியாமலா இருக்கும். இந்த ஒரு வாக்கியத்தை வைத்து ஒரு நாட்டையே எழுப்பிவிடலாம், எழுப்பியும் இருக்கிறார்கள், அதைத்தானே அன்றைக்கு இரண்டாவது பாதியில் சொல்ல வந்தேன்.

என்ன சொன்னேன்? மூலத்தில், மனுஷன் எப்படிப் பிழைக்கிறானோ அதிலிருந்துதான் அவன் நினைப்பு வருகிறது. பிழைப்பு மாறினால் நினைப்பு மாறும். அரசு என்று ஒன்று இருக்கிறதே, அது ஒருநாள் வேலையற்றுப்போய் உலர்ந்து உதிர்ந்துவிடும், வேப்பம்பூ மாதிரி, யாரும் உலுக்க வேண்டியதில்லை. வட கொரியாவில் அதைத் திருப்பிப் போட்டார்கள். மனுஷனே எல்லாவற்றுக்கும் எஜமான், எல்லாவற்றையும் அவனே தீர்மானிக்கிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, கம்பிரசர் நின்றுபோன ஒரு ராத்திரியில் அதைப் படித்துவிட்டு ஸ்பேனரோடு எழுந்து நின்றேன்கூட. ஆனால் அடுத்த பக்கத்தில், எஜமானாகிய மனுஷக் கூட்டத்துக்கு ஒரு மூளை வேண்டாமா, அதுதான் தலைவர், கட்சி நரம்பு, ஜனங்கள் உடம்பு என்று வருகிறது. எல்லாவற்றையும் தீர்மானிக்கிற மனுஷன் யார் என்று அப்போதுதான் தெரிகிறது, அவர் மட்டும்தான். இதில் நான் யாரைக் குறை சொல்ல? என் வீட்டில் பூரணம் மூளை, பூரணமே நரம்பு, நான் மாடியில் உட்கார்ந்திருக்கிற உடம்பு. சூ! போய்விட்டதா? இல்லை, சிறகடிக்கிற சத்தம் கேட்கவில்லை, அதுவும் தள்ளிக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஷிஃப்ட் போலிருக்கிறது.

ஐஸ் வைத்துத்தான் விளக்கினேன். தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். அது எவ்வளவு குளிர்ந்தாலும் உறையாது, ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குள் நல்ல தண்ணீர் ஊற்றின தகர டின்களை இறக்குவோம், டின்னுக்குள் இருப்பது கட்டியாகிவிடும். டின் சதுரமாக இருந்தால் கட்டி சதுரம். மூல சித்தாந்தம் அந்த உப்புத் தண்ணீர், தோழர்களே, அது உறையக் கூடாது. ஒரு அரசு வந்து அதற்குள் தன் டின்னை இறக்குகிறது, உள்ளே ஒன்று கட்டியாகிறது, அது அந்த டின்னின் வடிவத்தில் இருக்கிறது, மேலே தூக்கிக் காட்டி, பார், இதுதான் அது என்கிறார்கள். நல்ல உவமை என்று அப்போது தோன்றியது. இப்போது யோசித்தால், தொட்டியில் கொட்டுகிற உப்பு எந்த அளத்து உப்பு? சங்கரநயினார் அளத்து உப்பு. அந்த ஆள் எனக்கு முன்னாலேயே என் உவமைக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறார். எங்கே திரும்பினாலும் தாடி.

அல்வாக் கடை உவமையும் சொன்னேன், அதற்குத்தான் நல்ல சிரிப்பு. திருநெல்வேலியில் ஒரு கடை பேர் வாங்கினால் பக்கத்தில் இன்னொரு கடை வரும். முதலில் பலகையில் அந்தப் பழைய கடைக்காரர் படம் பெரிதாக, அவர் கைப்பக்குவம் என்று எழுதியிருக்கும். கொஞ்ச நாளில் தன் அப்பா படத்தை ஓரமாக மாட்டுவான். பிறகு அப்பா நடுவுக்கு வருவார். பிறகு பழையவர் படம் வெயிலில் வெளுத்துவிட்டது என்று கழற்றுவான். கடைசியில், எங்களுக்கு வேறெங்கும் கிளைகள் இல்லை என்று போர்டு வைப்பான். அந்த நாட்டிலும் அதுதான், முதலில் தங்கள் கருத்து மார்க்சியம்-லெனினியத்தைத் தங்கள் மண்ணில் பிரயோகித்தது என்று சாசனத்தில் எழுதினார்கள், பிறகு பிரயோகம் இல்லை, சொந்தச் சரக்கு என்றார்கள், பிறகு சாசனத்திலிருந்து அந்தப் பேரையே எடுத்தார்கள், அப்புறம் ஒருநாள் கம்யூனிசம் என்ற சொல்லையும் எடுத்தார்கள். சத்தமில்லாமல். சதுக்கத்தில் மாட்டியிருந்த பழைய தாடிகளின் படங்கள்கூட ஒருநாள் இறங்கின. எடுத்ததற்கு யாரும் கூட்டம் போட்டு அழவில்லை. ஒரு சொல் போய்விட்டால் அது இருந்த இடத்தில் ஓட்டை தெரிய வேண்டாமா? தெரியவில்லை. பல் விழுந்தால் நாக்கு நாலு நாளைக்கு அங்கேயே போய் நிற்கிறது. "நாம என்ன செஞ்சிருப்போம், தோழர்களே?" என்று கேட்டேன். "எடுக்க விடமாட்டோம்!" என்றார்கள் ஒரே குரலில். சங்கரநயினார் மாலையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாம் சரி. ஒன்றுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது, எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து மாட்டுகிறேன். பூரணம். அவள் கடைசி வரிசையில் இருந்தாள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் சங்கரநயினார் அளத்தில் உப்பு வாரினவள் அவள், மற்றவர்களுக்கு ஜாடைதான் தெரியும், அவளுக்கு அந்த ஆளின் இருமல்கூடத் தெரியும். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தவர்களில் அவளும் ஒருத்தி. அவள் பாதத்தில் இன்றைக்கும் உப்பு வெடிப்பு உண்டு, குளிர் காலத்தில் நடக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அந்த ஆளுக்கு மாலை போட்டபோது பார்த்தாள். கம்பால் நெஞ்சில் தட்டித் தட்டிப் புகழ்ந்தபோது பார்த்தாள். நடுவில் ஒருதரம் எழுந்து நின்றது ஞாபகம் இருக்கிறது, தண்ணீர் குடிக்க எழுந்தாள் என்று நினைத்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டாள். ஏன் சொல்லவில்லை? நான் முட்டாளாகட்டும் என்றா? இவனுக்கு என் காலை விட அந்தத் தாடி பெரிது என்றா? ஒரு வாரமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சோறு போடுகிறாள், மோர் ஊற்றுகிறாள், காக்கை விரட்டச் சொல்கிறாள். அவள் கோபமாக இருந்தால் தாங்கலாம், சிரித்தால் தாங்கலாம், அவள் வத்தல் போடுகிறாள். அதுவும் அந்த முகத்தின் மேல். அது பழிவாங்கலா, வெறும் வளுவளுப்பா? வர்க்கங்களின் வரலாறு தெரிந்த எனக்கு இது தெரியவில்லை.

படியில் செருப்புச் சத்தம். முழங்கால் வலிக்காரர் ஏறுகிற மாதிரி, ஒரு படிக்கு இரண்டு சத்தம். கண்ணைத் திறந்தேன். வெளிச்சம் கண்ணைக் குத்தி, முதலில் வெள்ளை வெள்ளையாக வத்தல், பிறகு அதற்கு அடியில் சிவப்பு, பிறகு வியாகப்பனின் வேர்த்த முகம். பேனரின் விளிம்பு வரை வந்தவர் ஆசான்களைக் கண்டதும் சட்டென்று செருப்பைக் கழற்றினார். கழற்றின பிறகுதான் தரையின் சூடு உறைத்தது.

"என்னவே இது!" காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு சொன்னார். "ஒளிச்சு வைக்கச் சொன்னா, அப்பளம் போட்டு வச்சிருக்கீரு?"

"வத்தல். செருப்பைப் போடும் வே, கால் பொத்துப்போவும்."

"இவுகளுக்கு முன்னாலயா?" கொஞ்சம் தயங்கி, ஒரு காலை மட்டும் செருப்பின் மேல் வைத்துக்கொண்டார். "முடிவாயிட்டு வே."

"என்னன்னு?"

"வகுப்பு நடக்கல."

நாற்காலியில் நிமிர்ந்தேன். "அடுத்த மாசமா?"

"போன வாரம்."

"போன வாரம் நடந்துதே."

"நடக்கலன்னு முடிவெடுத்தாச்சு. ஏகமனதா." அவர் குடை நிழலுக்குள் தலையை மட்டும் நீட்டினார். "கேளும். அந்தப் பேரன்காரன் ஆபீசுக்கு வந்தான். சண்டைக்கு வந்திருக்கான்னு பாத்தா, கும்பிடுதான். நீரு மாலை போட்ட போட்டோ அவன் போனுக்குப் போயிருக்கு. தாத்தாவோட பதினாறாம் நாளுக்கு பஸ் ஸ்டாண்டு முக்குல பெரிய பேனர் வைக்கானாம். உம்ம படத்தைப் போட்டு, 'எதிரணியும் மாலையிட்ட ஏந்தல்'னு."

"ஐயோ."

"அதான். மாவட்டக் கமிட்டில கேட்டா என்ன சொல்ல? கம்யூனிஸ்ட்டு கிளை உப்பள முதலாளிக்கு மாலை போட்டு, ரெண்டு மணி நேரம் பாடமும் நடத்துச்சுன்னா? அதனால வகுப்பே நடக்கல, போட்டோ கிராபிக்ஸ். நீரு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுல தூங்கிட்டேன், நான் அங்க போவவே இல்லன்னு. அடுத்த மாசம் நீரே வகுப்பு எடும். அதே தலைப்பு. முத தடவை எடுக்க மாரி."

"இல்லன்னா?"

"இல்லன்னா நடந்ததா ஆயிரும். அப்புறம் சுயவிமர்சனம், மாவட்டம், எல்லாம் உண்டு. வகுப்பு உம்ம கையில இருக்காது. எத்தனை காலத்துக்குன்னு என்னையக் கேக்காதீரும்."

வாய் திறந்துவிட்டது, சரி என்று சொல்ல. எவ்வளவு சுலபம். ஆணி இல்லை, மாலை இல்லை, கம்பு இல்லை. போன ஞாயிற்றுக்கிழமையைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு சனியையும் திங்களையும் ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? வகுப்பு எனக்கே. வெளிச்சம் எனக்கே. ஆசானே இன்னொரு தடவை சொல்லும். "எடுக்க விடமாட்டோம்" என்று ஒரே குரலில் கத்தினவர்களும் இதே ஆட்கள்தானே, அவர்களே ஏகமனதாக எடுத்துவிட்டார்கள், சத்தமில்லாமல், நல்ல எண்ணத்தோடு, எனக்காக. இப்படித்தான் அங்கேயும் நடந்திருக்குமோ? ஒரு அறையில், டீ ஆறிக்கொண்டிருக்க, யாரோ ஒருவரைக் காப்பாற்ற நினைத்து? ச என்ற எழுத்து நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

"நடக்கலியா அண்ணாச்சி?"

படியில் பூரணம். தலையில் துண்டு, இடுப்பில் சாக்கு சுற்றின இரண்டாவது பானை, கையில் பிழிகிற அச்சு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"பின்வரிசைல நான் இருந்தேனே. அம்புட்டையும் கேட்டேனே."

"நீ கேட்டே தாயி, நாங்களும்தான் கேட்டோம்" என்றார் வியாகப்பன். "கேட்டது வேற, நடந்தது வேற." சொல்லிவிட்டு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சங்கடத்தை அவள் பக்கம் தள்ளினார். "அதைச் சொல்லு, உனக்கு அந்த ஆளை நல்லாத் தெரியும்லா? அப்பவே ஒரு குரல் கொடுத்திருந்தா இந்தப் பாடு உண்டா?"

நான் ஒரு வாரமாகக் கேட்க முடியாததை அவர் கேட்டுவிட்டார். கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பூரணம் பானையை நிழலில் இறக்கி வைத்தாள். "சொல்லணும்னுதான் எந்திச்சேன்" என்றாள். "அப்பப் பாத்து இவுக கம்பை நீட்டி, இந்த மனுசன் முதலாளியா இருந்தும், உழைக்கிறவன் உழைப்பைத் தின்னுதான் முதல் வளருதுன்னு ஒத்துக்கிட்டாருன்னாவ. கால் வெடிக்க அந்த அளத்துல உப்பு வாரிருக்கேன் அண்ணாச்சி. கேட்டுக்கு வெளிய உக்காந்து கத்திருக்கோம். ஒருநாளு, ஒரே ஒரு நாளு, அந்தாளு வாயில இருந்து அப்பிடி ஒரு சொல்லு வந்துராதான்னு இருந்துச்சு. கார் கண்ணாடியைக்கூட இறக்கல. அன்னைக்குத்தான் வந்துச்சு. செத்த பொறவு, இவுக வாய்வழியா. நான் எதுக்கு நிறுத்தணும்? இன்னும் கொஞ்சம் சொல்லட்டும்னு உக்காந்துட்டேன்."

வியாகப்பன் காலை மாற்றுவதை நிறுத்திவிட்டார், இரண்டு பாதமும் சூட்டுத் தரையில் இருந்தன. பக்கத்து வீட்டில் பிரஷர் குக்கர் கத்தி ஓய்ந்தது. அவள் அழவில்லை, சிரிக்கவும் இல்லை, அச்சுக்குள் கூழை வழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கோபம் என்று நான் ஒரு வாரமாகச் சுமந்ததை, என்னவென்றே தெரியாமல் சுமந்திருக்கிறேன்.

"நடந்துச்சுன்னே எழுதும் வே" என்றேன்.

"தளவாய், யோசிச்சுச் சொல்லும். உம்ம மூஞ்சி பஸ் ஸ்டாண்டு முக்குல நிக்கும். ஏந்தலுக்குப் பக்கத்துல."

"நிக்கட்டும்."

"சின்னப் பயலுவகூடச் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். எனக்கே சிரிப்பாத்தான் வருது."

"வகுப்பு போயிரும் வே."

நாற்காலிக் கைப்பிடியில் வெயில் ஏறியிருந்தது, அதைத் தடவிக்கொண்டிருந்தேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். காலையில் வந்து படுத்து, சாயங்காலம் எழுந்து, யாரிடமும் எதையும் சொல்லாமல் மறுபடியும் கம்பிரசருக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகள். "தெரியும்" என்றேன். "ஆனா நடந்துது வே. உப்பு வாரின ஒரு ஆளு அங்க உக்காந்து கேட்டிருக்கா. நடக்கலன்னு நான் எப்படிச் சொல்ல?"

வியாகப்பன் குனிந்து செருப்பை மாட்டாமல் கையிலேயே எடுத்துக்கொண்டார். மூன்று படி இறங்கினவர் திரும்பாமலே சொன்னார். "நல்ல வகுப்பு வே அது. அல்வாக் கடை உவமைய என் மருமகன்கிட்டகூடச் சொன்னேன்." அப்புறம் ஒரு படிக்கு இரண்டு சத்தமாகக் கீழே போய்விட்டார்.

நான் பூரணத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. என்ன சொன்னாலும் அது விளக்கவுரையாகிவிடும்.

"கூழ் ஆறுனா அச்சுல இறங்காது" என்றாள். "இந்த ஓரம் பூராவும் காலியாத்தான கிடக்கு."

நாற்காலியை விட்டு எழுந்தேன். கால் மரத்திருந்தது, உதறிவிட்டு அவள் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தேன். அச்சை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக அழுத்தினேன்.